எங்க அண்ணன் கால்ல கெடந்த சங்கிலி

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. அன்றைக்கு விடியுமுன்னே ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மத்தியானம் எனக்குச் சேதி கிடைத்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். எங்கம்மா வேலிக்கருவை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சொன்னதும் அரிவாளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போன வருசம் ஆடியிலதானடா கூட்டியாந்தேன்" என்றாள். வேறொன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அண்ணன் காலைப் பார்த்தாள். அந்தக் காலிலும் சங்கிலி கிடந்தது. மாட்டுச் சங்கிலி. எங்கம்மா கட்டியது. பூட்டுச் சாவி அவள் சுருக்குப்பையில் இருந்தது. அவள் வேலைக்குப் போன நாட்களில் என் சட்டைப் பையில் இருந்தது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை வருசம் யோசித்தேன். நம் ஆட்களைப் பற்றி நாமே கேவலமாக எழுதுவதா என்று ஒரு தோழர் கேட்டார். கட்டிப் போட்டவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று பேப்பரில் எழுதினார்கள். எங்கம்மா காட்டுமிராண்டி இல்லை. ஏன் கட்டினாள் என்பதை அவள் சார்பில் யாராவது எழுத வேண்டும். அவளுக்கு எழுதத் தெரியாது.

அண்ணன் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போனவன். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் பூசி, ராத்திரி பகலாகக் கண் முழித்துப் புகை பார்க்கிற வேலை. நல்ல உழைப்பாளி. சாயங்காலமானால் படிப்பகத்தில் கேரம் ஆடுவான்.

1995ஆம் வருசம் தென்மாவட்டம் இருந்த இருப்பு இதைப் படிக்கிறவர்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியங்குளத்துக்குள் போலீஸ் படை இறங்கி வீடு வீடாக அடித்து நொறுக்கியது. எங்கள் மாவட்டம்தான், அன்றைக்கு வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்று பேர். அதற்குப் பின்னால் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஆம்பளைகள் வீட்டில் படுக்கவில்லை. கம்மாய்க்குள்ளும் கருவைக்காட்டுக்குள்ளும் படுத்தார்கள். கரிமூட்டத்துக் காவலுக்குப் படுத்திருந்த அண்ணனை ஒருநாள் ராத்திரி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூணு நாள். எந்த வழக்கும் இல்லை, எந்த ரிக்கார்டும் இல்லை. மூணாம் நாள் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். நடந்து வந்து சேர்ந்தான். என்ன செய்தார்கள் என்று எங்களிடம் சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. நாலைந்து மாசத்தில் தனியாகப் பேச ஆரம்பித்தான். காதுக்குள் யாரோ கேள்வி கேட்கிறார்கள் என்றான். காக்கிச் சட்டையைப் பார்த்தால் ஓடினான். பஸ் கண்டக்டரைப் பார்த்து ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து முழங்கையை ஒடித்துக்கொண்டான்.

முதலில் கோடாங்கியிடம்தான் போனோம். அதை மறைக்க வேண்டியதில்லை. கோடாங்கி உடுக்கடித்துக் கேட்டார்: "எந்த எடத்துல பயந்தான்? எந்நேரம்? யாரு கூட இருந்தா?" அம்மா ஜீப்பைப் பற்றிச் சொன்னாள். கோடாங்கி கொஞ்ச நேரம் உடுக்கை நிறுத்திவிட்டார். பிறகு வேப்பங்குழையால் அடித்தார், மிளகாய் வத்தலைப் போட்டுப் புகை காட்டினார். அண்ணன் கண் வீங்கி இரண்டு நாள் கிடந்தான். கோடாங்கியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கே பயந்தான் என்று கேட்டது அவர்தான்.

1996இல் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் வாட்ச்மேன் காக்கிச் சட்டை. அண்ணன் உள்ளே வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டான். நாலு பேர் தூக்கிப் போனோம். டாக்டர் கேட்டார்: தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, காதில் குரல் கேட்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா. மூணு நிமிசம். வெளியே அம்பது பேர் நின்றார்கள். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை மறு வருசம் காலேஜில் சேர்ந்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். போலீஸ் தன்னைப் பிடிக்க வருவதாக ஆதாரமற்ற நம்பிக்கை என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. எங்க அண்ணனுக்கு நோய் இருந்தது நிஜம். காதில் கேட்ட குரல் நோய்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போலீஸ் பிடித்தது ஆதாரமற்றதா? முதுகில் தழும்பு இருந்ததே. சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். வந்தது எது, வராதது எது என்று பிரித்துப் பார்ப்பதுதானே வைத்தியம்? இரண்டையும் ஒரே வரியில் பொய்யாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் எந்த டாக்டரிடமும் வாய் திறக்கவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். குளோர்ப்ரோமசின். குரல் குறைந்தது. கை நடுக்கமும் நாவறட்சியும் வந்தன. அந்த மாத்திரை தின்கிறவர்களுக்கு வெயில் ஆகாது. தோல் எரியும், உடம்பு சூட்டைத் தாங்காது. "வெயில்ல வேல பாக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். கரிசக்காட்டில் வெயில் இல்லாத வேலை எது? மிளகாய் எடுப்பு, பருத்தி எடுப்பு, களைவெட்டு, கரிமூட்டம் எல்லாம் வெயிலிலும் நெருப்பிலும்தான். வேலைக்குப் போனால் மாத்திரை தின்ன முடியாது, மாத்திரை தின்றால் வேலைக்குப் போக முடியாது. மாத்திரை வாங்கப் போய்வர இரண்டு நாள் கூலி போகும், பஸ் சார்ஜ் தனி. ஒரு வருசத்தில் நின்றுபோனது.

1998இல் ஏர்வாடி. எங்கள் ஊரிலிருந்து சாயல்குடி வழியாகப் போய்விடலாம், பெரிய ஆஸ்பத்திரியைவிடக் கிட்டம். தர்காவில் யாரும் எங்களைச் சாதி கேட்கவில்லை. எங்கம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதல். "அங்கன எல்லாரும் ஒண்ணா உக்காந்து தண்ணி குடிச்சோம்டா" என்று சொல்லுவாள். ஆனால் தர்காவைச் சுற்றியிருந்த காப்பகங்கள் வேறு. மாசாமாசம் பணம் கட்ட வேண்டும். ஒரே சங்கிலியில் இரண்டு பேர் கிடப்பார்கள். ஒருத்தன் ஒதுங்கப் போனால் மற்றவனும் எழுந்து போக வேண்டும். பணம் கட்ட முடியாமல் 2000 ஆடியில் அண்ணனைத் திரும்பக் கூட்டி வந்தாள். எங்கள் வறுமைதான் அவனைத் தீயிலிருந்து காப்பாற்றியது. அவனோடு ஒரே சங்கிலியில் கிடந்த பையன் என்ன ஆனான் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

சரி, வீட்டுக்கு வந்தபின் ஏன் கட்டினாள்? அண்ணன் யாரையும் அடித்ததில்லை. நடப்பான், அவ்வளவுதான். ராத்திரியில் எழுந்து கால்போன போக்கில் நடப்பான். அந்தக் கால் மேலத்தெருவுக்குள்ளும் போகும். மேலத்தெருவிலும் புத்தி சரியில்லாத ஒருவர் இருந்தார். அவர் எங்கள் தெருவுக்குள் வந்தால் "பாவம், சாமி மாதிரி" என்று கஞ்சி ஊற்றி அனுப்புவோம். எங்க அண்ணன் அவர்கள் தெருவுக்குள் போனபோது, பொம்பளைகள் இருக்கிற இடத்துக்கு ராத்திரி வந்தான் என்று மின்கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். மறுநாள் எங்கம்மா போய் காலில் விழுந்து கூட்டி வந்தாள். "அடுத்த தடவ உசுரோட வரமாட்டான்" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குச் சாயங்காலம்தான் சங்கிலி வாங்கினாள். பைத்தியத்துக்கும் சாதி உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். நோய்க்குப் பயந்து அவள் கட்டவில்லை. ஊருக்குப் பயந்து கட்டினாள்.

ஏர்வாடித் தீக்குப் பிறகு காப்பகங்களை மூடினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசாங்கப் பொறுப்பில் எடுத்தார்கள். விசாரணைக் கமிஷன் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து மாநிலங்களைக் கேள்வி கேட்டது. நல்ல காரியங்கள்தான். 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து 2018இல் அமலானது. அதன் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. அப்படியும் 2019 ஜனவரியில் உத்தரப்பிரதேசத்து பதாயுனில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டம் சங்கிலியைப் பார்க்கிறது. கட்டிய கை எதற்குப் பயந்தது என்று பார்ப்பதில்லை.

இதே சட்டத்தின் 18ஆம் பிரிவை நம் தோழர்கள் படிக்க வேண்டும். மனநல சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை, அதில் சாதி உட்பட எந்தப் பாகுபாடும் கூடாது என்று அதில் இருக்கிறது. 1912ஆம் வருசத்து வெள்ளைக்காரன் காலத்துப் பைத்தியச் சட்டம் 1993 வரைக்கும் இந்த நாட்டில் ஓடியது. அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். சாதி என்ற சொல் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கேஸ் ஷீட்டுக்குள் வர வேண்டாமா?

சாதிக்கொடுமையால்தான் அண்ணனுக்கு இந்த நோய் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மூளை, பரம்பரை என்று பல காரணங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் லண்டன், நாட்டிங்ஹாம், பிரிஸ்டல் ஊர்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். அங்கே குடியேறிய கரீபியக் கறுப்பு மக்களிடம் இந்த வகை நோய் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2006இல் வெளியிட்டார்கள். நிறவெறிக்கு இதில் என்ன பங்கு என்று டாக்டர்களே தங்களுக்குள் விவாதிக்கிறார்கள். 90களில் நாம் ஓடி ஓடிப் படித்த ஃபனான் ஒரு மனநல டாக்டர் என்பதை மறந்துவிட்டோம். 1953இலிருந்து 1956 வரை அல்ஜீரியாவில் பிளிடா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். சித்திரவதை பட்டவனும் அவரிடம் வந்தான், சித்திரவதை செய்த போலீஸ்காரனும் வந்தான். இரண்டு பேர் கதையையும் அவர் எழுதி வைத்தார். போலீஸ் என்ற சொல்லை அவர் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவில்லை.

வளரும் நாடுகளில் இந்த நோய் சீக்கிரம் குணமாகிறது, குடும்பம் தாங்குவதே காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளைக் காட்டி ரொம்ப நாள் பெருமையாகச் சொன்னார்கள். அது அவ்வளவு நேரான கதையில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். தாங்குகிற குடும்பம் என்றால் யார்? எங்கம்மா. களைவெட்டுக்குப் போகாமல் உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இல்லை. 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் உண்டு. மனநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை, நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சையே பெறவில்லை என்று அது சொன்னது. அத்தனை வீட்டிலும் வைத்தியம் ஒரு பொம்பளையின் கூலியில்தான் நடக்கிறது.

அண்ணனுக்குச் சங்கிலி கழன்றது ஒரு டாக்டரம்மாவால். மாவட்ட மனநலத் திட்டத்தில் முகாமுக்கு வந்தவர்கள். வெயில் பிரச்சினையைச் சொன்னதும் குளோர்ப்ரோமசினை மாற்றி ஊசி போட்டார்கள். அதோடு விடவில்லை. "என்னம்மா நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லுங்க" என்று எங்கம்மாவைக் கேட்டார்கள். எங்கம்மா ஜீப்பிலிருந்து ஆரம்பித்தாள். மின்கம்பம் வரைக்கும் சொன்னாள். பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் அந்தம்மா எழுதினார்கள். பிறகு அண்ணனைப் பார்த்து, "போலீஸ் ஒங்களப் பிடிச்சது உண்மை. இப்ப காதுல கேக்குறது நோய். ரெண்டும் வேற வேற" என்றார்கள். அண்ணன் அன்றைக்குத்தான் அந்த மூணு நாளைப் பற்றி வாய் திறந்தான். அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது.

நாலு மாசத்தில் ராத்திரி நடப்பது நின்றது. அம்மா சாவியைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்தாள். சங்கிலி போன காலில் வளையம்போல் தோல் கறுத்துக் கிடக்கிறது. அண்ணன் இப்போது ஆடு மேய்க்கிறான். காக்கிச் சட்டையைப் பார்த்தால் ஓடுவதில்லை; அப்படியே உட்கார்ந்துவிடுகிறான். அதற்கு ஊசி கிடையாது என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

2019இல் அம்மா போய்ச் சேர்ந்தாள். இப்போது ஊசிக்குக் கூட்டிப் போவது அக்கா. அவளும் கூலிக்காரிதான். ஊசி நாளைக்கு அவளுக்குக் கூலி இல்லை.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களில் டாக்டருக்கும் நர்ஸுக்கும் சமூகப்பணிக்கும் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். நம் தெருக்களிலிருந்து வருகிறவரிடம் தூக்கத்தைக் கேளுங்கள், குரலைக் கேளுங்கள். கூடவே என்ன நடந்தது என்றும் கேளுங்கள், கேட்டதை எழுதுங்கள். இயக்கத் தோழர்கள் நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனுக் கொடுக்கிற மாதிரி, தாலுகா ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரையும் ஊசியும் எல்லா மாசமும் இருக்கிறதா என்று ஒரு மனுக் கொடுங்கள். கூட்டி வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கேளுங்கள். கட்டிப் போட்டிருக்கிற வீட்டைக் கண்டால் போலீசுக்குச் சொல்லுமுன் உள்ளே போய் உட்கார்ந்து, சாவி வைத்திருக்கிறவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளுக்குத் தெரியும்.