இரண்டு பெயருள்ள ஊர்

ஐர்லாந்து தேசத்தின் தலைநகருக்கு டப்ளின் என்று பெயர் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் அந்நகரத்தின் பெயர்ப் பலகைகள் இன்னொரு பெயரை முதலில் சொல்லிவிட்டு, அதன் கீழேதான் டப்ளின் என்கின்றன. அந்த முதற் பெயர் எழுத்துக் கூட்டி வாசித்தால் ஒரு விதமாயும், ஐரிஷ்காரர் வாயில் 'ப்லா கிளீயா' என்பது போலவும் ஒலிக்கிறது. பொருள் விசாரித்தால், 'படல் போட்ட ஆற்றுத் துறையின் ஊர்' என்கிறார்கள். லிஃபி நதியின் சேற்றில் கால் புதையாமல் இருக்கும் பொருட்டுக் கழிகளைப் பின்னிப் பரப்பி, அதன் மீது ஜனங்கள் கடந்து சென்ற துறையாம். நம் நாட்டிலாயிருந்தால் 'படல்துறை' என்று பெயரிட்டுவிட்டு அடுத்த காரியத்தைப் பார்த்திருப்போம். டப்ளின் என்பதும் இங்கிலீஷ் வார்த்தையல்ல. 'கரிய மடு' என்று பொருள்படும் ஐரிஷ் சொற்கள் அந்நியர் வாயில் புகுந்து வெளிவந்த உருவமே அது. தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆன கதைதான்!

நாம் கல்வி பயில்வது அத்தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரத்தில். டப்ளினிலிருந்து ரெயிலில் இரண்டரை மணி நேரப் பிரயாணம். ஒரு சனிக்கிழமை காலையில் தலைநகரைப் பார்த்துவரப் புறப்பட்டோம். நம்முடன் பயிலும் டப்ளின்வாசியான நண்பர் ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருந்து, அன்று முழுவதும் வழிகாட்டுவதாக வாக்களித்திருந்தார்.

வந்து இறங்கிய ஸ்டேஷனே ஒரு சரித்திர பாடமாக இருந்தது. இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் ஞாபகார்த்தமாக ஒரு காலத்தில் 'கிங்ஸ்பிரிட்ஜ்' என்று அழைக்கப்பட்ட அதற்கு இப்போது ஹ்யூஸ்டன் ஸ்டேஷன் என்று பெயர். ஷான் ஹ்யூஸ்டன் எந்தப் பிரபுவும் அல்ல. ரெயில்வே கம்பெனியில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா. 1916-ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகையின்போது டப்ளினில் நடந்த புரட்சியில் ஒரு சிறு படைக்குத் தலைமை வகித்து, மே மாதம் 8-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 25. புரட்சியின் ஐம்பதாவது ஆண்டாகிய 1966-இல் ஸ்டேஷனுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அரசரை இறக்கிவிட்டுக் குமாஸ்தாவை ஏற்றிய இந்தக் காரியம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவர் சுடப்பட்ட கில்மேனம் சிறைச்சாலை அங்கிருந்து நடக்கும் தூரந்தான். 1796-இல் திறக்கப்பட்டு 1924-இல் மூடப்பட்ட இச்சிறை, கூரை சரிந்து பாழடைந்து கிடந்ததாம். 1960 முதல் பொதுஜனங்களே தொண்டர்களாக வந்து, கூலி வாங்காமல் கல்லும் மண்ணும் சுமந்து அதைச் செப்பனிட்டிருக்கிறார்கள். இப்போது முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்தவர்கள் மட்டுமே, கூட்டம் கூட்டமாக, வழிகாட்டியுடன் உள்ளே செல்லலாம். ஒரு காலத்தில் இலவசமாக அழைத்துச் சென்ற இடத்துக்கு இப்போது முன்பதிவு வேண்டியிருக்கிறது என்று நண்பர் சிரித்தார்.

உள்ளே போனபின் அவரும் சிரிக்கவில்லை, நாமும் சிரிக்கவில்லை. கல் உடைக்கும் முற்றத்தில், சரளைக்கல் பரப்பிய தரையில், இரண்டு கரிய சிலுவைகள் நிற்கின்றன. 1916 மே 3-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரையில் பதினான்கு பேரை இங்கே சுட்டார்கள். முதல் நாள் மாண்டவர்களில் ஒருவர் பாட்ரிக் பியர்ஸ் என்னும் பள்ளிக்கூட உபாத்தியாயர். ஜோசப் பிளங்கெட் என்பவருக்கும் கிரேஸ் கிப்ஃபர்டு என்னும் சித்திரக்காரிக்கும் இந்தச் சிறைக் கோயிலிலேயே விவாகம் நடந்தது. சில மணி நேரத்துக்கெல்லாம் மணமகனைச் சுட்டுவிட்டார்கள். தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி காயத்தினால் நிற்கவும் சக்தியற்றிருந்தபடியால், நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டிச் சுட்டார்கள். பதின்மூவர் மாண்ட மூலையில் ஒரு சிலுவை. கானலிக்காக எதிர்க்கோடியில் மற்றொன்று.

இவ்வளவும் நாம் புஸ்தகங்களில் படித்திருந்த விஷயங்களே. படித்தபோது மனத்தில் தைக்காத ஒன்று நேரில் தைத்தது. 1922 நவம்பர் 17-ஆம் தேதி இதே சிறையில் இன்னும் நான்கு வாலிபர்கள் சுடப்பட்டார்கள். சுட்டது பிரிட்டிஷ் சிப்பாய்கள் அல்ல. சுதந்திர ஐர்லாந்தின் புதிய சர்க்கார். இங்கிலாந்துடன் செய்துகொண்ட உடன்படிக்கை போதும் என்றவர்களுக்கும், போதாது என்றவர்களுக்கும் மூண்ட சகோதர யுத்தம் அது. மேற்சொன்ன கிரேஸ் அம்மையும் 1923-இல் சொந்த நாட்டுச் சர்க்காரால் இந்தச் சிறையிலேயே அடைக்கப்பட்டு, அறைச் சுவரில் குழந்தையோடு கூடிய மாதாவின் சித்திரம் ஒன்று தீட்டினார். கதவிலுள்ள துவாரத்தின் வழியாக அதைப் பார்க்கலாம். வழிகாட்டி இந்தப் பகுதியை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நூறு வருஷம் கடந்தும் அந்தப் புண்ணைச் சற்று மெதுவாகவே தொடுகிறார்கள் போலும்.

நடுப்பகலில் நகரத்தின் மையத்திலுள்ள டப்ளின் கோட்டைக்குச் சென்றோம். 1204-இல் ஜான் மன்னரின் ஆக்ஞைப்படி ஏற்பட்டு, 1922 ஜனவரி 16-ஆம் தேதி ஐரிஷ்காரர் கைக்கு வரும் வரையில், ஏழு நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்தின் ஆட்சி இங்கேயிருந்துதான் நடந்தது. வாயில் மேல் நீதி தேவதையின் சிலை நிற்கிறது. கோட்டைக்கு முகத்தையும் ஊருக்கு முதுகையும் காட்டிக்கொண்டிருக்கும் அந்த அம்மாளை டப்ளின் ஜனங்கள் பரம்பரையாகப் பரிகசித்து வருகிறார்கள். மழை பெய்தால் தராசுத் தட்டு ஒருபுறம் சாய்ந்து விடுமாம். அதற்காகத் தட்டில் துவாரம் போட்டு நீரை வடியவிட்டார்களாம்!

ஆனால் நாம் பார்க்க விரும்பியது சிலையை அல்ல, ஜன்னல்களை. 1913 ஜனவரியில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு இந்தக் கோட்டையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, ஒரு மாதம் சிறை சென்றவர் மார்கரெட் கஸின்ஸ் அம்மையார். இரண்டு வருஷம் கழித்து அவர் தம் கணவருடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். மதனபள்ளியில் தாகூரின் 'ஜன கண மன' கீதத்துக்கு ஸ்வரம் எழுதி வைத்தவரும் அவரே. 1932-இல் அடக்குமுறைச் சட்டத்தை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காக வேலூர்ச் சிறையில் இருந்தார். நண்பருக்கு இந்த வரலாறு தெரியாது. எந்த ஜன்னலாக இருக்கும் என்று நம்மைவிட அவர்தான் அதிக நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஸ்டீபன் பசுந்தோட்டத்துக்குப் போனோம். மரங்களுக்கிடையில் நம் தாகூரின் மார்பளவுச் சிலை தாடியுடன் அமைதியாக வீற்றிருக்கக் கண்டதும், அந்நிய ஊரில் திடீரென்று உறவினரைச் சந்தித்தது போலிருந்தது. 1916-இல் புரட்சிக்காரர்கள் இந்தத் தோட்டத்தில் பதுங்குகுழி வெட்டிச் சண்டையிட்டார்கள். அப்போது குளத்து வாத்துகளுக்கு இரை போடத் தோட்டக்காரர் வரும் வேளையில் இரு தரப்பாரும் சுடுவதை நிறுத்திக்கொண்டார்களாம்! பின்னாளில் நம் குடியரசுத் தலைவராக விளங்கிய வி. வி. கிரி, 1913 முதல் 1916 வரையில் சட்டம் படித்ததும் இந்த டப்ளினிலேதான். சட்டத்தைவிட ஐரிஷ் சுதந்திரப் போராட்டமும் தொழிலாளர் இயக்கமுமே அவர் உள்ளத்தை அதிகம் கவர்ந்தன. 1937-இல் ராஜாஜியின் மந்திரி சபையில் தொழில் இலாகாவை அவர் வகித்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நமக்குத் தோன்றியது.

டிரினிடி கலாசாலையையும் அங்கே காக்கப்பட்டுவரும் ஆயிரத்திருநூறு வருஷத்துச் சித்திர வேதப் புஸ்தகத்தையும் பற்றி எழுதாவிட்டால் நேயர்கள் குறைப்படக்கூடும். வாசலில் நின்ற வரிசையையும் நம் பணப்பையையும் மாறி மாறிப் பார்த்தோம். இரண்டும் ஒத்துப்போகவில்லை. எனவே சாப்பிடப் போனோம்.

சைவ போஜனக்காரராகிய நமக்கு அந்தக் கடையில் நம்பிக்கையாகக் கேட்கக்கூடியதாக இருந்தது உருளைக்கிழங்குதான். அதை உண்ணும்போதுதான் நண்பர் பேச ஆரம்பித்தார். 1845 முதல் 1852 வரையில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அதையே நம்பியிருந்த ஏழை ஜனங்கள் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே சமயத்தில் ஐர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன. 1943-இல் வங்காளம் பட்ட பாட்டை அறிந்த நம்மவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. 1841-இல் எண்பது லட்சத்துக்கு மேலிருந்த அத்தீவின் ஜனத்தொகை இன்னும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

"செத்தவர்களும் போனவர்களும் பெரும்பாலும் ஐரிஷ் பாஷை பேசியவர்கள்" என்றார் நண்பர். "எஞ்சியவர்கள் குழந்தைகளுக்கு இங்கிலீஷைக் கற்பித்தார்கள். கப்பலேற அதுதானே தேவை?"

பள்ளிக்கூடத்துக் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஐரிஷ் வார்த்தை பேசுந்தோறும் குச்சியில் ஒரு வெட்டு வெட்டி, மாலையில் வெட்டுகளை எண்ணி அடி கொடுப்பது அக்காலத்து வழக்கமாம். அதைவிட நமக்கு வேதனையளித்தது, பல இடங்களில் பெற்றோரே அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்திருந்தார்கள் என்பதுதான். அவர்கள் கொடியவர்கள் அல்ல. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். நம் வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் மாதத்தில் நடைபெறும் சம்பாஷணைகள் நமக்கு நினைவுக்கு வந்தன.

நண்பர் பதினான்கு வருஷம் பள்ளியில் ஐரிஷ் படித்திருக்கிறார். சட்டப்படி அது கட்டாயப் பாடம். 1937-இல் ஏற்பட்ட அரசியல் சாசனப்படி அதுவே தேசிய பாஷை, முதல் ஆட்சி மொழி, இங்கிலீஷ் இரண்டாவதுதான். பலகையில் மேல் வரி அதற்கே. 2022-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் பதினெட்டு லட்சம் பேருக்கு மேல் ஐரிஷ் பேசத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கு வெளியே தினந்தோறும் பேசுவதாகச் சொன்னவர்களோ சுமார் எழுபத்திரண்டாயிரம் பேர். கால்வேக்கு மேற்கேயுள்ள கிராமத்துக் கடைகளில் அந்தப் பாஷை இயல்பாகப் புழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். டப்ளின் வீதிகளில் அன்று முழுவதும் அதைக் கண்ணால் பார்த்தோமே தவிர, காதால் கேட்கவில்லை.

"உங்கள் பாஷையில் பெரிய இலக்கியம் உண்டென்று சொன்னீர்களே, கலாசாலையில் எந்தப் பாஷையில் படித்தீர்கள்?" என்று நண்பர் கேட்டார்.

"இங்கிலீஷில்" என்றோம். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் ஒகானல் வீதியிலுள்ள பெரிய தபாலாபீஸை நோக்கி நடந்தோம். வழியில் தபால் பெட்டிகள் பச்சை வர்ணத்தில் நின்றன. அருகே சென்று பார்த்தால், சிலவற்றில் விக்டோரியா மகாராணியின் முத்திரை வர்ணத்துக்கடியில் புடைத்துக்கொண்டு தெரிகிறது. அதிகாரம் கைமாறியதும் செந்நிறப் பெட்டிகளைப் பிடுங்கி எறியாமல் பச்சை பூசிவிட்டார்கள். சிக்கனமான புரட்சி! வர்ணம் பூச ஒரு பகல் போதுமாயிருந்தது.

1818-இல் கட்டி முடிந்த அந்தத் தபாலாபீஸின் முன்னால்தான், 1916 ஏப்ரல் 24-ஆம் தேதி, பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆறு நாள் சண்டையில் நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எந்தக் கட்சியிலும் சேராத சாமானிய ஜனங்கள். தூண்களில் குண்டு பட்ட வடுக்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் விரலை வைத்துப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை.

பியர்ஸ் வெறும் போர்வீரர் அல்ல. 1908-இல் ஐரிஷும் இங்கிலீஷும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கி, கடனில் மூழ்கி நடத்தியவர். அப்பள்ளியின் நிதிக்காக 1913 மே மாதத்தில், இந்தத் தபாலாபீஸுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள ஆபி நாடக சாலையில், பியர்ஸின் ஐரிஷ் நாடகம் ஒன்றுடன் சேர்த்துத் தாகூரின் நாடகத்தையும் நடித்தார்கள். அந்த நாடகத்தின் பெயர் 'தபாலாபீஸ்'! இரண்டு உபாத்தியாயர்களுக்கும் மூன்று வருஷத்துக்குப் பின் நடக்கப்போவது தெரியாது.

நண்பர் இன்னொன்றும் காட்டினார். பிரகடனத்தின் பிரதியில், தலைப்பிலுள்ள ஒரே ஒரு வரிதான் ஐரிஷ். பாக்கி முழுவதும் இங்கிலீஷ். ஐரிஷ் பாஷைக்காகவே வாழ்ந்த மனிதர், தம் ஜனங்களுக்கு விடுதலையை அறிவிக்க இங்கிலீஷை நாட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வீதியில் நின்றவர்களில் பலருக்கு அது விளங்கியிராது.

அந்தக் கட்டடத்தினுள் இன்னமும் தபால் தலை விற்கிறார்கள். ஊரிலுள்ள தாயாருக்கு நாம் எழுதி வைத்திருந்த கடிதத்துக்கு ஒன்று வாங்கினோம். உறையில் விலாசத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தோம், தமிழ் மேலே. ஜன்னலுக்கு அப்புறமிருந்த பெண்மணி அதைச் சற்று நேரம் பார்த்து, இது என்ன எழுத்து என்று விசாரித்தாள். சொன்னோம். சில்லறையைத் திருப்பித் தரும்போது இங்கிலீஷை விட்டுவிட்டு, 'உமக்கு நன்மை உண்டாகுக' என்று பொருள்படும் ஐரிஷ் நன்றி மொழியைச் சொன்னாள். அன்று அந்த நகரத்தில் நாம் கேட்ட முதல் ஐரிஷ் வார்த்தை அதுதான். "வந்தனம்" என்றோம். மறுபடி சொல்லச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.