மெய்ந்நோவும் கைம்மருந்தும்

கல்லூரி மைதானத்தில் ஓடியாடித் திரிந்த நாளில், உடம்பென்று ஒன்று எமக்கு உண்டென்பதையே யாம் எண்ணியதில்லை. கையும் காலும் ஏவியதைச் செய்தன; யாமும் ஓயாது ஏவினோம். இப்பொழுதோ ஏவலாட்கள் எசமானரை ஏவுங் காலம் வந்துவிட்டது. பழைய மாணவர் இருவர் கூடினால், முன்னர் உதைபந்தாட்டமும் ஆசிரியர்தம் பிரம்பும் பேச்சாயிருந்த இடத்தில், இன்று நாரிப்பிடிப்பும் தோள்மூட்டு நோவும் முழங்கால் உளைவுமே பேச்சாகின்றன. "எண்ணெய் பூசி உருவுவித்தால் மாறும்" என்பர் ஒருவர். "கொழும்பிலே நல்ல நிலையம் ஒன்றுண்டு" என்பர் மற்றொருவர். எமது வலத்தோள் தலைக்குமேல் எழ மறுத்த ஞான்று, உடம்பை யார் கையில் ஒப்படைப்பது என்னும் வினா எமக்கும் எழுந்தது. அதன்பொருட்டுத் தேடி அறிந்தனவற்றை எம்மனையார்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

இக்கலை நமக்குப் புதியதன்று. சித்த வைத்தியம் புறமருந்து 32 எனப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகத் தொக்கணத்தை வைத்தது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் எனத் தொக்கணம் 9 வகைப்படும். ஒற்றடம், வேது, பற்று, பூச்சு என்பனவும் அதன் உடன்பிறப்புக்கள். நொச்சியிலை அவித்த நீரின் ஆவியும், துணியிற் பொதிந்த சூட்டு ஒற்றடமும் நம் பாட்டிமார் கைகண்டவை. முறிவு நெரிவு பார்க்கும் பரியாரிமாரும் நம் ஊர்களில் வழிவழியாக இருந்து வந்துள்ளனர்.

மேனாட்டார் வழி வேறு. சுவீடன் தேசத்துப் பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்விநிலையம் ஒன்றை நிறுவினார். இன்று 'சுவீடன் முறை' என வழங்குவது அவர் பெயரோடு சார்த்தப்படினும், தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என அதனை வகைப்படுத்திய பெருமை ஒல்லாந்த வைத்தியர் யோகான் மெட்ஸ்கருக்கு (1838–1909) உரியதென்பர். யப்பானியரின் ஷியட்சு விரலாலும் உள்ளங்கையாலும் அழுத்துவது. தாய்லாந்து முறையோ உடை களையாது, பெரும்பாலும் எண்ணெயின்றி, பாயிற் கிடத்தி உடம்பை அழுத்தியும் வளைத்தும் நீட்டியும் செய்வது. 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இளமைக்கு இனிதாகும் அவ்வளைப்பு, எலும்பு தேய்ந்த முதுமைக்குத் தீதாதலும் கூடும். ஆகவே, 'எம்முறை சிறந்தது' என்று வினாவுதலினும், 'எம்முறை எம்முடம்புக்கு ஏற்றது' என்று வினாவுதலே பொருத்தமாம்.

இனி, இதனாற் பெறும் பயன் எத்துணை? அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, புதிதாய் வந்த நாரிநோவுக்கு மருந்துக்கு முன்னரே சூடு, உருவுதல் முதலியவற்றை முயலலாம் என்றது. எனினும் உருவுதலுக்குள்ள சான்று வலிதன்று என்பதையும் மறைத்திலது. எமது அனுபவமும் அதுவே. எண்ணெயும் ஒற்றடமும் எமது தோளுக்கு இரண்டு மூன்று நாள் சுகந்தந்தன. பின்னர் நோ மீண்டது. இயன்மருத்துவர் கற்பித்த பயிற்சியை நாடோறும் செய்த பின்னரே கை மெல்ல மெல்ல மேலெழுந்தது. ஆயினும், அவ்விரண்டு மூன்று நாளின் நித்திரை இன்றேற் பயிற்சி செய்யும் ஊக்கம் எமக்கு வந்திராது. கைம்மருந்து துணையாம்; முதலாகாது. உடலின் நஞ்சையெல்லாம் வெளியேற்றுவோம், சலரோகத்தை வேரறுப்போம் என்று விளம்பரஞ் செய்வாரை நம்புதல் வேண்டா.

நல்ல கையின் இலக்கணம் யாது என்பதை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. கனடாவிலிருந்து நெடும்பொழுது விமானத்தில் இருந்து வந்த எம் வகுப்புத் தோழர் ஒருவர், இடக்கெண்டைக்கால் நோகின்றது என்று முதிய பரியாரியார் ஒருவரை நாடினார். யாமும் உடன் சென்றோம். அவர் எண்ணெய்ச் சட்டியைத் தொட்டாரல்லர். இரு கால்களையும் ஒப்புநோக்கினார். ஒன்று மட்டும் வீங்கிச் சூடேறியிருத்தலைக் கண்டார். "தம்பி, இந்தக் காலில் நான் கைவையேன், இப்பொழுதே ஆசுப்பத்திரிக்குப் போம்" என்றார். ஆங்குச் சோதித்தபோது ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருத்தல் புலனாயிற்று. அதனை அழுத்திப் பிசைந்திருப்பின் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்திருத்தல் கூடும். செய்யாது விட்ட ஒன்றினால் ஓருயிர் காத்த அம்முதியவர், காசு வாங்கவும் மறுத்துவிட்டார்.

ஆதலின் அன்பர்காள், தெரிவுசெய்யுமுன் நோக்கவேண்டியன சில. உருவுபவர் பயின்றவரா, பதிவுபெற்றவரா என்று கேட்க. நம் நாட்டின் 1961ஆம் ஆண்டு 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் உள்ளடக்கியது. வைத்தியரைப் பதியும் முறையும் அதன்வழி அமைந்தது. நோயின் வரலாற்றை வினாவாது உடனே படுக்கச் சொல்பவரை விட்டு நீங்குக. குருதி உறையாமைக்கு மருந்துண்போர், எலும்பு நலிந்தோர், கருவுற்றோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் அதனை முன்னரே சொல்லுதலும், தம் வைத்தியரைக் கேட்டலும் வேண்டும். காய்ச்சலுள்ள நாளிலும் புண்ணின்மீதும் உருவுதல் ஆகாது. கழுத்தைச் சடுதியிற் திருகி நெட்டி முறிக்க யாரையும் விடாதீர். கழுத்து நாடி கிழிந்து பக்கவாதம் வருதல் அரிதேனும் உண்டு. நோ பொறுக்குமளவைக் கடந்தால் "போதும்" என்று சொல்லக் கூசாதீர். பத்து முறைக்கு முன்பணம் கேட்போரிடம் ஒரு முறைக்கே கொடுத்துப் பயனைப் பார்ப்பது அறிவுடைமை.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டிற் கால் சுளுக்கியவுடன் தோழரைக் கொண்டு பிசைவியாதீர். முதலிரு நாளும் காலுக்கு ஓய்வும் குளிர் ஒற்றடமும் கொடுத்து, உயர்த்தி வையுங்கள். காலூன்றி நடக்க இயலாதாயின் எலும்பு முறிந்ததோ என்று படம்பிடித்துப் பாருங்கள். உடம்பு ஏவியதைச் செய்யும் இப்பருவத்திலேயே அதன் சொல்லுக்குஞ் சற்றே செவிசாய்ப்பீராயின், எம் வயதில் நீவிர் கூடும்போது பேசுதற்கு நோவல்லாத வேறு பொருளும் உங்களுக்கு இருக்கும்.