ஞாயித்துக்கிழமை தலைவலியும் ஒரு பழைய ஹெரால்டும்

1/ தலைவலின்னு வர்றவங்ககிட்ட நான் கட்டாயம் கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு: "கூட இருந்தவங்க யாருக்காவது அதே நேரத்துல தலை வலிச்சுதா?" இது ஏன் முக்கியம்னு ஒரு பழைய காரை வெச்சுச் சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ தாம்பரத்துல என்கிட்ட வர்ற ஒரு பெரியவர், வயசு எழுபதுக்கு மேல. ஞாயிறு காலைல தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. ராத்திரிக்குள்ள சரியாயிடும். பிபி, சுகர் ரெண்டும் கட்டுப்பாட்டுலதான் இருக்கு. அவர் மனைவிக்கும் அதே தலைவலி. வீட்டுல இருந்த மகனுக்கு எதுவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் மட்டும் என்ன பண்ணுவீங்க சார்?" "காரை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போவோம் டாக்டர்."

3/ அந்தக் கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம பக்கத்துக் கார்தாங்க! 1948ல தொடங்கின ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியோட ஆலை வண்டலூர்ல இருந்துச்சு. இங்கிலாந்தோட டிரையம்ப் ஹெரால்டை 1961லேர்ந்து இங்க தயாரிச்சாங்க. 1980களோட கடைசில கம்பெனி உற்பத்தியை நிறுத்திடுச்சு. ஆனா பல வீடுகள்ல அந்தக் கார் இன்னும் ஒரு குடும்ப உறுப்பினர் மாதிரி இருக்கு.

4/ நாலு சிலிண்டர்லேர்ந்து வர்ற புகையை ஒண்ணாச் சேத்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பற வார்ப்பிரும்புப் பகுதிதான் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. இன்ஜினுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கேஸ்கட். அது போச்சுன்னா புகை காரோட பின்னாடி போகாது. முன்னாடியே கசிஞ்சு, பெடல், ஒயர் போற ஓட்டை வழியா உள்ள வரும். ஜிஎஸ்டி ரோட்டு நெரிசல்ல வண்டி நின்னா இன்னும் மோசம்.

5/ அந்தப் புகைல கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல பலமாப் பிடிச்சுக்கும். 1995ல சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாச்சு. அது இந்த வாயுவைப் பெருமளவு குறைக்கும். ஹெரால்டுல அது கிடையாது.

6/ "விரல்ல மாட்டிப் பாத்தேன், 98 காட்டுச்சே"ன்னார். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரத்தத்துல அளவு பாக்கத் தனிப் பரிசோதனை உண்டு. ஆனா சாதாரணக் காத்துலயே 4-5 மணி நேரத்துல பாதி வெளியேறிடும். அவர் வந்தது திங்கக்கிழமை சாயங்காலம். ரத்தத்துல தடயம் போயிருச்சு. கார்ல இருந்துச்சு.

7/ "கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டறேனே?" வேண்டாம் சார்னு கண்டிப்பாச் சொன்னேன். வயசானவங்க, இதயநோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இது ரொம்ப ஆபத்து. திறந்த ஜன்னல் உத்தரவாதம் இல்லை. மெக்கானிக் வீட்டுக்கே வந்து பாத்தார்.

8/ அவர் தேடின அறிகுறிகள்: காலைல ஸ்டார்ட் பண்ணதும் 'டிக் டிக்'னு சத்தம், சூடேறினா குறையும் (இரும்பு விரிஞ்சு ஓட்டையை அடைக்கறதால). கேஸ்கட் ஓரத்துல கரி. அப்புறம் இன்ஜின் ஆறின நிலைல, சைலன்சர் வழியா மெதுவாக் காத்து விட்டு, மேனிபோல்டு மேல சோப்புத் தண்ணி ஊத்தினார். பஞ்சர் கடைல டியூப்பைப் பாக்கற அதே வித்தை. ஓரத்துல நுரை கிளம்புச்சு!

9/ ஹெரால்டோட பானெட் மட்கார்டோட சேந்து முன்னாடி சாயும், அதனால வேலை பாக்க வசதி. ஒரு ஸ்டட் ஒடிஞ்சிருந்தது. துளை போட்டு எடுத்து மரையைச் சரிபண்ணார். மேனிபோல்டு முகத்துல நேரான பட்டையை வெச்சுப் பாத்தா வளைஞ்சிருந்தது. லேத் பட்டறைல சமமாக்கி, புது கேஸ்கட் போட்டு, நடுவுலேர்ந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா நட்டுகளை இறுக்கினார். ஓட்டிச் சூடாகி ஆறினப்புறம் திரும்ப ஒரு தடவை.

10/ முன்ன யாரோ அந்த இடத்துல பசையைத் தடவி அடைச்சிருந்தாங்க. வளைஞ்ச இரும்புக்குப் பசை மருந்தில்லை. காய்ச்சலுக்குக் காரணம் பாக்காம மாத்திரை போடற மாதிரிதான் அது.

11/ இப்ப ஞாயித்துக்கிழமைல ரெண்டு பேருக்கும் தலைவலி இல்லை. நான் ஒரு மருந்தும் எழுதலை.

12/ நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது:
• ஒரே வண்டில, ஒரே அறைல இருந்த பலருக்கு ஒரே நேரத்துல தலைவலி, வாந்தின்னா காத்தைச் சந்தேகப்படுங்க.
• உடனே இன்ஜினை அணைச்சு, வெளில வாங்க. மயக்கம், குழப்பம், நெஞ்சுவலி இருந்தா 108. "கார்பன் மோனாக்சைடா இருக்கலாம்"னு சொல்லுங்க, ஆக்சிஜன்தான் சிகிச்சை.
• மூடின ஷெட்டுல இன்ஜினை ஓடவிடாதீங்க. ஏசி போட்டுக்கிட்டு கார்லயே தூங்காதீங்க.
• பழைய கார் வெச்சிருந்தா வருஷம் ஒரு தடவை மேனிபோல்டு, சைலன்சர் குழாய் ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க.

தாத்தா கார் இன்னும் ஓடற வீடு எதுவும் தெரிஞ்சா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.