ஒலிபெருக்கிக்கு இரண்டு வாசல்கள்

அரபு மொழியில் ஒலிபெருக்கியை 'முகப்பிருஸ் ஸவ்த்' என்பர். 'ஸவ்த்' என்றால் ஓசை. 'முகப்பிர்' என்றால் பெரிதாக்குபவர். மின்சாரம் வராத நாள்களில், பெரிய பள்ளிவாசல்களில் இமாமின் தக்பீர் பின்வரிசையினரின் செவிக்கு எட்டாது. இடையில் நிற்கும் ஒருவர் அதனை உரத்து எடுத்துரைப்பார். அவருக்கும் முகப்பிர் என்றே பெயர். மனிதர் செய்த பணியைக் கருவி ஏற்றபோது அவர் பெயரையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. இச்சொல்லை வகுப்பில் விளக்கும் போதெல்லாம் நாம் மாணவர்களிடம் ஒன்று கேட்பதுண்டு: "தொண்டை வற்ற உரைத்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், இரவெல்லாம் முழங்கும் கருவிக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?" மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது சிரித்துவிட்டு விடத்தக்க கேள்வியன்று. கருவிக்கும் களைப்புண்டு, அதன் களைப்புக்கு வெப்பம் என்று பெயர்.

நாம் சிறுவராயிருந்த காலத்து மைக் செட்டை எண்ணிப் பார்க்கிறோம். புளியமரக் கிளையிலும் மூங்கில் கழியிலும் கூம்புக் குழாய்கள் கட்டப்பட்டிருக்கும். அவற்றை முழங்கச் செய்யும் ஆம்பிளிஃபயர் பந்தலின் ஓரத்தில், மைக் செட்காரரின் மேசைமீது இருக்கும். வீட்டு மின்சாரம் அம்மேசையோடு நின்றுவிடும். அங்கிருந்து குழாய்களுக்குச் செல்வது ஓசையைச் சுமந்த இரு கம்பிகள் மட்டுமே. மைக் செட்காரர் இடையிடையே பெட்டியின் மேல் கைவைத்துப் பார்ப்பார். சுட்டால் விசிறியைத் திருப்பிவைப்பார். இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் கணீர்க்குரலை ஊர்தோறும் மக்கள் கேட்டு மகிழ்ந்தது இத்தகைய குழாய்களின் வழியாகத்தான்.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஆக்டிவ் ஸ்பீக்கர் எனப்படும் பெட்டிகள் வந்துள்ளன. ஆம்பிளிஃபயர் ஒலிப்பெட்டிக்குள்ளேயே அமைந்துவிட்டது. தூக்கிச் செல்ல எளிது, ஓசையும் தெளிவு. ஆனால் இந்த வசதியோடு இரண்டு பொறுப்புகளும் உடன் வந்தன. முன்பு மேசையோடு நின்ற 230 வோல்ட் மின்சாரம், இப்போது மேடையின் இரு பக்கத்திலும், குழந்தைகள் ஓடும் இடத்திலும், மழை விழும் இடத்திலும் உள்ள ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் செல்கிறது. முன்பு மைக் செட்காரரின் கைக்கெட்டிய வெப்பம், இப்போது எவர் கண்ணிலும் படாமல் பெட்டியின் முதுகில் தங்குகிறது.

வெப்பத்தை முதலில் பார்ப்போம். ஒலிபெருக்கி பெறும் மின்னாற்றல் முழுவதும் ஓசையாகிறது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. கூம்பு வடிவக் காகிதத்தை அசைத்து ஓசை எழுப்பும் சாதாரண ஸ்பீக்கரில், நூறில் ஓரிரு பங்கே ஓசையாகிறது. எஞ்சியதெல்லாம் அதன் செம்புச் சுருளில் வெப்பமாகிறது. செம்பின் வெப்பம் 100 பாகை ஏறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். தடை கூடினால் சுருள் ஏற்கும் ஆற்றல் குறையும்; ஓசை தணியும். கேட்பவர் குறைகூறுவர், இயக்குபவர் ஓசையைக் கூட்டுவார், சுருள் மேலும் சுடும். இதனோடு உள்ளிருக்கும் ஆம்பிளிஃபயரின் வெப்பமும் சேர்கிறது. அதனை வெளியேற்றத்தான் பெட்டியின் பின்புறத்தில் உலோக வரிகள் அமைந்துள்ளன. சிலவற்றில் சிறு விசிறியும் உண்டு. காற்று அவ்வரிகளைத் தழுவிச் செல்ல வேண்டும். அதுவே முதல் வாசல்.

அந்த வாசலைத்தான் நம்மவர் முதலில் அடைக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைநாளில், ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாம் சென்றிருந்தோம். மேடை அழகாக இருக்க வேண்டுமென்று ஒலிப்பெட்டிகள் இரண்டையும் மேடைத்துணியின் நிறத்துக்கேற்ற பட்டுத்துணியால் முன்னும் பின்னும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தது. மாலை வெயிலும் அப்பக்கமே. பிள்ளைகள் மூன்றாம் பாடலைத் தொடங்கியபோது ஒரு பெட்டி வாயடைத்துப் போயிற்று. சற்று நேரத்தில் மற்றொன்றும். கூட்டத்தில் சலசலப்பு. பாடிய சிறுமியின் கண்களில் நீர் திரண்டுவிட்டது. மைக் செட்டைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர் நம்மிடம் முன்பு பயின்றவர். ஓடிவந்து துணியை அவிழ்த்தார். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்தார்.

"என்ன தம்பி, பெட்டி கெட்டுப்போயிற்றா?" என்று கேட்டோம்.

"கெடவில்லை உஸ்தாது, தன்னைத்தானே காத்துக்கொண்டது. சூடு எல்லை மீறினால் தானே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். ஆறவிட்டால் பேசும். ஈரத்துணி போடலாமா என்று ஒருவர் கேட்கிறார். அதைவிட ஆபத்து வேறில்லை" என்றார் அவர்.

கால்மணி நேரத்தில் பெட்டிகள் மீண்டும் முழங்கின. அலங்காரம் சற்றுக் குறைந்தது, விழா நிறைவேறியது. வெப்பத்தால் வரும் தொல்லை பெரும்பாலும் இப்படி முன்னறிவிப்புத் தரும். ஓசை தணியும், எச்சரிக்கை விளக்கு எரியும், பிறகே பெட்டி நிற்கும். மின்கசிவு அத்தகையதன்று. அது எச்சரிப்பதில்லை.

அன்றிரவு அதே இளைஞர் சாமான்களைக் கட்டும்போது ஓர் எக்ஸ்டென்ஷன் கம்பியின் பிளக்கை நம்மிடம் காட்டினார். மூன்று பின்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. மேலே நிற்கும் பெரிய பின் வெட்டப்பட்டிருந்தது. "இரைச்சல் வருகிறது என்று முன்பு யாரோ வெட்டியிருக்கிறார்கள். இதை நான் பயன்படுத்துவதில்லை, மற்றவரும் பயன்படுத்தாமலிருக்க எடுத்துவைத்திருக்கிறேன்" என்றார். நாம் அதனைக் கையில் வாங்கிப் பார்த்தோம். உண்மையில் நம் உள்ளம் நடுங்கிற்று.

அந்தப் பெரிய பின் எர்த் எனப்படும் நிலத்தொடர்பு. அரபியில் இதனைத் 'தஃரீள்' என்பர். பூமி என்னும் பொருளுடைய 'அர்ளு' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. மற்ற இரண்டு பின்களைவிட இது நீளமும் தடிமனும் உடையது. பிளக்கைச் செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விலகுவதும் இதுவே. நாள்தோறும் இது எந்த வேலையும் செய்வதாகத் தெரியாது. ஆயின் பெட்டிக்குள் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் உலோக உடலில் பாய்ந்தால், அதனைப் பூமிக்கு இட்டுச்செல்வது இக்கம்பிதான். அப்படிப் பெரும் மின்னோட்டம் பாயும்போது பியூஸ் உருகும். அல்லது தானியங்கி சுவிட்ச் விழும். இக்கம்பி இல்லையேல் அந்த மின்சாரம் பெட்டியின் உடலிலேயே காத்திருக்கும். ஓசைக்கம்பியின் உலோக உறை வழியாக மைக்கின் உடலுக்கும் வரக்கூடும். மைக்கைப் பிடிக்கும் மனிதரே அதற்குப் பூமிக்குச் செல்லும் வழியாகிவிடுவார். ஆகவே, எர்த் என்பது ஒலிப்பெட்டியின் இரண்டாம் வாசல்.

இது வெறும் அச்சமூட்டலன்று. மேலைநாட்டு இசைமேடைகள் இதற்கு விலை கொடுத்துள்ளன. 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்த கித்தார் மைக் கம்பத்தில் பட்டதும் அவர் மூர்ச்சித்து விழுந்தார். காலணியின் ரப்பர் அடி அவரைக் காத்தது என்பர். 1972 மே 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கித்தார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, நிலத்தொடர்பு முறையாக இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

அப்படியானால் இரைச்சலுக்கு மருந்தென்ன என்று நேயர்கள் கேட்கலாம். நம் முன்னாள் மாணவர் சொன்னதையும், பின்னர் நாம் அறிந்ததையும் சேர்த்துக் கூறுகிறோம். ஒலிப்பெட்டிகள், மைக் இணைக்கும் மிக்சர் ஆகியவற்றுக்கெல்லாம் ஒரே பகிர்வுப் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். மேடை விளக்குகளுக்கு வேறு இணைப்புத் தர வேண்டும். ஓசைக்கம்பியும் மின்கம்பியும் ஒன்றையொன்று ஒட்டி ஓடாமல், சந்திக்கும் இடத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னும் இரைச்சல் நிற்கவில்லையெனில் ஓசைக்கம்பியின் நடுவில் அதற்கென உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரை வைக்கலாம். எந்தப் பரிகாரமும் ஓசைக்கம்பியில்தான் செய்யப்பட வேண்டும். மின்கம்பியின் எர்த்தை எக்காரணம் கொண்டும் தொடலாகாது.

நிற்க. மேடைக்கு மின்சாரம் வரும் பாதையையும் காண வேண்டும். நீண்ட தொலைவுக்கு மெல்லிய கம்பி ஆகாது. 50 மீட்டர் நீளத்தில் 10 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியில் ஏறத்தாழ 8 வோல்ட் இழப்பாகும். வீட்டு மின்விசிறிக்குரிய 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறத்தாழ 26 வோல்ட் இழப்பாகும். 260 வாட் வெப்பம் அக்கம்பியிலேயே பிறக்கும். அதைச் சுருளாகவே விட்டுவைத்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகித் தீப்பற்றவும் கூடும். ஆகையால் சுருளை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும்.

ஜெனரேட்டர் வைக்கும் இடத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி தளர்ந்து விட்டுப்போனால், 230 வோல்ட்டுக்கென அமைந்த பெட்டியின் மீது 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் விழக்கூடும். ஜெனரேட்டரின் நியூட்ரலையும் உடலையும் மேடையின் இரும்புச் சட்டங்களையும் பூமியோடு இணைக்கும் வேலை, உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. கைக்குக் கிடைத்தவரின் வேலையன்று. அவரே 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்தித் தர வேண்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வேறுபட்டால் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடுகிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை விழா தொடங்குமுன் அழுத்திப் பார்க்க வேண்டும்.

தொடங்கும்போது மிக்சரை முதலிலும் ஒலிப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கடைசியிலும் இயக்க வேண்டும். முடிக்கும்போது ஒலிப்பெட்டிகளை முதலில் நிறுத்த வேண்டும். மழை வந்தால் தார்ப்பாயைத் தேடுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இயங்கும் பெட்டியைத் தார்ப்பாயால் மூடினால் வெப்பத்தின் வாசல் அடைபடும். மூடாவிட்டால் மின்சாரமும் நீரும் சந்திக்கும். மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் இருக்கும்படி முன்கூட்டியே அமைப்பதே முறை.

இவ்வளவையும் ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் எண்ணலாம். நம் திருமணங்களிலும் பள்ளி விழாக்களிலும் மீலாது மேடைகளிலும் மைக்கைப் பிடிப்பவர்கள் நம் பிள்ளைகள். பெட்டியைத் தோளில் சுமந்து, ஈரத்தரையில் வெறுங்காலோடு கம்பி இழுப்பவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே. மைக் செட்காரரிடம் நாம் வாடகையைக் குறைக்கச் சொல்கிறோம். பெட்டிகளை மறைக்கச் சொல்கிறோம். ஓசையைக் கூட்டச் சொல்கிறோம். எர்த் இருக்கிறதா என்று கேட்பவர் அரிது. வாடகையை நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புதான். விழா நடத்தும் குடும்பத்தார் இரண்டு கேள்விகளையேனும் முன்கூட்டிக் கேட்கட்டும்: பெட்டியின் பின்னே காற்றுக்கு வழி இருக்கிறதா? பிளக்கில் மூன்று பின்களும் இருக்கின்றனவா? விடை அறிந்த பின்னரே பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுக்கட்டும்.