நுரைச்சோலையிலிருந்து காற்று வாங்கப் போனோம்

கடலும் தோட்டமும் ஒரே கராஜுக்கு வந்து சேரும் ஊர் நுரைச்சோலை. வெங்காயத் தோட்டத்து வோட்டர் பம்ப், பீட்ரூட் ஏற்றிய மண் இன்னும் உதிராத லேண்ட்மாஸ்டர், மீனவரின் மண்ணெண்ணெய் எஞ்சின், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோ என்று எல்லாம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே நிற்கும். ஒவ்வொன்றின் நோயும் வேறு. ஆனால் கராஜ்காரர் எதைத் தொட்டாலும் காற்றுக் குழாயைத்தான் முதலில் இழுக்கிறார்.

படகு எஞ்சினின் காபரேட்டரை அவர் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு. அதன் துளை குண்டூசிக்கும் சின்னது. மண்ணெண்ணெய்ப் பிசினும் உப்பும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிடுமாம். பெற்றோலில் ஊறவைத்தார், ஏர் கன்னை வைத்து ஒரே ஊது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார், துளையில் வானம் தெரிந்தது.

இந்த வேலையெல்லாம் செய்துவந்த கொம்பிரசர் தளர்ந்துவிட்டது. புதியது வாங்கப் புத்தளம் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நானும் தொற்றிக்கொண்டேன்.

கராஜ்கார நானாவின் குடும்பம் மன்னாரைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது இந்தப் பக்கம் வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அகதி முகாமுக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில் கைப்பம்ப் அடித்துத் தொழில் பழகியவர். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது, ஊரில் இருந்த பழைய வண்டிகளையே ஓட்டவேண்டிய கட்டாயம் வந்தது. 2025இல் தடை நீங்கும்வரை கராஜ்காரர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, உதிரிப்பாகத்துக்குத்தான் பஞ்சம்.

புத்தளத்துக் கடையில் விற்பனையாளப் பையன் உற்சாகமாக ஆரம்பித்தான்: இது இரண்டு எச்பி, அது மூன்று எச்பி, இதற்கு எண்ணெயே தேவையில்லை. நானா கையை உயர்த்தினார்.

"எச்பி மோட்டர்ட கணக்கு தம்பி. எனக்கு வேணும் காத்திட கணக்கு. நிமிசத்துக்கு எத்தன லீற்றர் வெளிய வரும்?"

பையன் இரண்டு எச்பியின் பெயர்த்தகட்டைக் காட்டினான்: 250. அந்த எண்ணைச் சந்தேகப்படவேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் அளவைச் சுழற்சியால் பெருக்கி எழுதிய கணக்கு அது. வால்வில் திரும்புவது, சூட்டில் விரிவது, சிலிண்டர் தலையில் தங்குவது எல்லாம் போக மிச்சம்தான் குழாய்க்கு வரும்.

நானாவின் சோதனை எளிமையானது. 100 லீற்றர் தொட்டியை முழுக்க வெறுமையாக்கி, திருகியை இறுக்கி, சுவிட்சைப் போடச் சொன்னார். கைபேசியில் நேரம் ஓடியது. முள் எட்டு பாரைத் தொட 5 நிமிடம் 20 விநாடி. எட்டு பாரில் 100 லீற்றர் தொட்டி என்றால் வெளியிலிருந்து 800 லீற்றர் காற்று உள்ளே போயிருக்கிறது. நேரத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 150 லீற்றர். தகட்டில் 250, தொட்டியில் 150. பையன் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை.

150 போதுமா? சக்கர நட்டுக் கழற்றும் அரை அங்குலக் கன் சராசரியாக நிமிடத்துக்கு 120 லீற்றர் கேட்கும். அதுவும் விட்டு விட்டு. ஒரு டிமோ பட்டா லொறியின் நட்டுகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை இறக்கும் நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். டயருக்குக் காற்று, ஜெட்டுக்கு ஊது எல்லாம் கொசுக் கடி. பெயின்ட் அடிக்கும் கன் மட்டும் 250, 300 என்று நிற்காமல் கேட்கும். அதற்காக மூன்று எச்பி எடுத்தால் வயரிங் மாற்றவேண்டும், மின் கட்டணமும் ஏறும். "பெயின்ட் வந்தா பாலாவிக்கு அனுப்புவன்" என்று அந்தக் கதையை முடித்துவிட்டார். என்ன வேலை செய்யமாட்டேன் என்று தெரிந்தவருக்குத்தான் மிஷின் தெரிவு சுலபம் என்று எனக்குத் தோன்றியது.

எண்ணெய் இல்லாத மிஷினையும் ஓட்டிப் பார்த்தோம். விலை குறைவு, தூக்கவும் இலேசு. மோட்டாரோடு நேரே பூட்டியது, நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல். கடைக்குள் பேச்சே கேட்கவில்லை. பெல்ட் போட்ட வார்ப்பிரும்பு பம்ப் அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் டக்டக்கென்று ஓடியது. மெதுவாக ஓடுவது சூடும் குறைவு, தேய்வும் குறைவு. வளையமும் வால்வும் தேய்ந்தால் புத்தளத்திலேயே வாங்கி மாற்றலாம். எண்ணெய் அளவைப் பார்க்கச் சோம்பல்படாத ஆளுக்கு இதுதான் சரி.

அடுத்தது கரண்ட். லக்விஜய அனல்மின் நிலையம் நுரைச்சோலையில்தான் இருக்கிறது. மூன்று இயந்திரங்கள், 900 மெகாவாற். ஆனால் அந்த மின்சாரம் 220,000 வோல்ட் கம்பியில் வெயங்கொடைப் பக்கம் போய்விடுகிறது. நானாவின் கராஜ் ஊர்க் கம்பியின் கடைசியில். பின்னேரத்தில் தோட்டத்துப் பம்புகள் ஓடத் தொடங்கினால் விளக்கு மங்கும். இரண்டு எச்பி மோட்டார் ஓடும்போது பத்து அம்பியர். கிளம்பும் அந்தக் கணத்தில் ஐந்தாறு மடங்கு. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் கிளம்பத் திணறினால் கபாசிட்டர் புகையும். அதனால் மிஷின் நின்றதும் "புஸ்" என்று ஒரு சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பம்புக்கும் தொட்டிக்கும் இடையே சிக்கிய காற்று வெளியேறும் சத்தம் அது. வெளியேறினால்தான் அடுத்த முறை மோட்டார் பாரமில்லாமல் கிளம்பும். இன்னொன்றும் சொன்னார்: தூரத்தில் வேலை என்றால் காற்றுக் குழாயை நீட்டு, வயரை நீட்டாதே.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதல்லவா, அன்று நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன; மீள ஓடச் சில நாளாயிற்று, அதுவரை மின்வெட்டு. பெரிய தொட்டியின் அருமை அப்போது தெரிந்ததாம். நிரம்பிய 100 லீற்றர் இருந்தால், கரண்ட் இல்லாமலே காற்றிறங்கிய ஆட்டோ டயர் பத்துக்கு மேல் நிரப்பலாம்.

பழைய கொம்பிரசரைத் தளர்த்தியது வயதல்ல, தண்ணீர். இந்தக் கரையில் 30 பாகைச் சூட்டில், ஈரப்பதன் 80 வீதம் என்றால், ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கும். எட்டு பாருக்கு அமுக்கி ஆறவிட்டால் அதில் ஏறத்தாழ 20 கிராம் தண்ணீராக அடியில் நிற்கும். நானாவின் மிஷின் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிளாஸ் தண்ணீர். உப்புக் காற்று வெளியிலிருந்து தின்ன, இது உள்ளிருந்து தின்னும். பழைய தொட்டியின் அடியில் ஊசித்துளை விழுந்து காற்று சீறியது. வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு பொட்டு வைத்துத் தருகிறேன் என்றாராம், நானா விடவில்லை. துளை விழுந்த இடத்தைச் சுற்றிலும் தகடு மெலிந்துதான் இருக்கும். எட்டு பாரில் 100 லீற்றர் தொட்டி வெடித்தால், ஒரு தொன் கார் மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் மோதும் சக்தி வெளிவரும். சுவரோரம் பி.வி.சி. குழாயில் காற்று ஓடவிடுவோரும் இருக்கிறார்கள். அது உடைந்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும்.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணலும் பறக்கும், நிலக்கரித் தூசு பற்றி ஊரார் முறையிடுவதும் அப்போதுதான். உறிஞ்சும் வாயின் வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை தட்டாவிட்டால் பம்பின் ஆயுள் குறையும்.

சங்குக்கும் கடலட்டைக்கும் முங்கும் பொடியன்கள் சிலர் சிலிண்டர் நிரப்பித் தரமுடியுமா என்று வந்து கேட்பதுண்டாம். அந்தச் சிலிண்டருக்கு 200 பார் வேண்டும், வடிகட்டிய சுத்தக் காற்று வேண்டும். இதில் வருவது எட்டு பார், அதிலும் எண்ணெய்ப் புகை. "டயர் சாகாது, நீ செத்துப்போவாய்" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம்.

பெல்ட் போட்ட இரண்டு எச்பியைத்தான் ஏற்றிவந்தோம். மறுநாள் கராஜின் நிழல் பக்கம், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடியில் றப்பர் வைத்து நிறுத்தினார். தண்ணீர் திறக்கும் திருகி தொட்டியின் வயிற்றுக்கடியில் இருந்தது. குனிந்து திறக்கவேண்டியதை எந்தப் பையனும் தினமும் செய்யமாட்டான் என்று, ஒரு முழங்கைக் குழாயும் வால்வும் போட்டு வெளியே இழுத்தார். இனி போகிற போக்கில் காலால் தட்டினாலே போதும்.

பழைய பம்பையும் மோட்டாரையும் உதிரிக்கு எடுத்துவைத்தார். தொட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, டிரில்லை எடுத்து வயிற்றிலேயே கட்டைவிரல் பருமனில் மூன்று ஓட்டை போட்டார்.

"ஏன் நானா, நிறைக்குத்தானே விலை?"

"இல்லாட்டி ஆராவது வாங்கி ஒட்டி வித்துப்போடுவான்" என்றபடி நாலாவது ஓட்டைக்கு டிரில்லை வைத்தார்.