ஓட்டைக் கத்தரிக்காய்

கத்தரிக்காயைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தோம் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நாமும் ஒரு காலத்தில், கத்தரிக்காய் என்பது வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டியில் காய்ப்பது என்ற அளவிலேதான் அதை அறிந்திருந்தோம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, வாடிப்பட்டிப் பக்கம் பிதுரார்ஜிதமாய்க் கிடந்த ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் போய் நின்ற பிறகே, அதற்கு வேரும் உண்டு, விரோதிகளும் உண்டு என்பது தெரிந்தது.

விரோதிகளில் தலைமை வகிப்பது தண்டையும் காயையும் துளைக்கும் புழு. அந்துப் பூச்சி இலையின் அடியில் முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு முதலில் இளந்தண்டுக்குள் புகுகிறது. தண்டு வாடித் தலையைத் தொங்கவிடுகிறது. பிறகு காய்க்குள் குடியேறிவிடுகிறது. உள்ளே போன ஆசாமியை வெளியில் தெளிக்கும் மருந்து எளிதில் தொடுவதில்லை. அதனால்தான் ரஸாயனத்தை நம்பினவர்கள் ஓயாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாம் அதை அறவே விட்டுவிட்டோம். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்ற கணக்கில் இடித்து, இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டித் தெளிக்கிறோம். ஆண் அந்துகளை ஏமாற்றிப் பிடிக்க இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கிறோம். வாடின தண்டுகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கிள்ளித் தீயில் போடுகிறோம். கிள்ளுவதில் நம் வீட்டு அம்மாள் கெட்டிக்காரி. அதற்கு அவளுக்கு நம்மிடத்திலேயே முப்பது வருஷப் பயிற்சி உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

விளைந்ததை விற்க முதலில் மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போனோம். தமிழ்நாட்டில் உழவர் சந்தை என்ற ஏற்பாடு, 1999-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி, அங்கேதான் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. உழவனுக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள், கடைக்கு வாடகையில்லை, நடுவில் தரகர் இல்லை. அன்றைய மொத்த விலையையும் வெளிச் சில்லறை விலையையும் பார்த்து, இரண்டுக்கும் இடையே ஒரு விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுகிறார்கள். விற்கிறவனுக்கும் சந்தோஷம், வாங்குகிறவருக்கும் சந்தோஷம்.

ஆனால், பலகைக்குக் கத்தரிக்காய் என்றால் கத்தரிக்காய்தான். நமக்கு இடப்புறத்தில் ஒருவர், மெழுகு பூசினாற்போல் பளபளக்கும் காய்களைக் குவித்திருப்பார். நம் கூடையிலோ பத்துக்கு மூன்று ஓட்டை. இரண்டுக்கும் ஒரே விலை என்றால் ஓட்டைக் காயை யார் வாங்குவார்?

"என்ன ஐயா, நீங்கள் சாப்பிட்டது போக மிச்சமா?" என்று ஓர் இளைஞன் கேட்டான்.

"நாங்கள் இல்லை, தம்பி, புழு" என்றோம். அவன் சிரித்துவிட்டு இடப்பக்கம் நகர்ந்தான்.

அப்பொழுதுதான் ஒரு நண்பர், நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில், இயற்கை விளைபொருளுக்கென்றே ஞாயிறுதோறும் சந்தை கூடுவதைச் சொன்னார். போய்ப் பார்த்தோம். உலகம் தலைகீழாயிருந்தது! அங்கே வருகிறவர்கள் ஓட்டையைத் தேடினார்கள். பூச்சி தின்ற காய்தான் மருந்தில்லாத காய் என்பது அவர்களுடைய சித்தாந்தம். கிலோ 80 ரூபாய் என்றாலும் முகம் சுளிப்பதில்லை. நமது கத்தரிக்காய்க்கு ஒரு கௌரவமே ஏற்பட்டுவிட்டது.

"சான்றிதழ் இருக்கிறதா?" என்று சிலர் கேட்பார்கள். அதற்கு முறைகள் உண்டு. வெளியார் வந்து சோதித்துத் தருவது ஒன்று. குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சாட்சி சொல்லும் பி.ஜி.எஸ். முறை மற்றொன்று. ஆனால் சிறு உழவன் தன் விளைச்சலை உண்பவரிடமே நேராக விற்றால், 2017-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் சான்றிதழ் கேட்பதில்லை. விற்பனை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்று நாம் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆக, நம்மிடம் காகிதம் கிடையாது. "நம் தோட்டத்துக் காய்தான், அம்மா" என்று நாம் சொல்லும் சொல்தான் காகிதம்.

சென்ற ஐப்பசியில் பத்து நாள் விடாத மழை. தெளித்த வேப்பங்கரைசலெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. சனிக்கிழமை மாலை தேறின காய் மூன்று கிலோ கூட இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் வந்து நின்று பார்த்தார். முன்னொரு கோடையில் நம் மோட்டார் எரிந்துபோனபோது, கேட்காமலே தண்ணீர் விட்ட நல்ல மனுஷர்.

"நம்ம காயில பத்துக் கிலோ எடுத்துட்டுப் போங்க, அண்ணே. விக்கிறதுல பாதி குடுத்தாப் போதும். வேணும்னா ஓட்டைக் காயா நாலு பொறுக்கிப் போடுறேன்" என்றார்.

அவர் மருந்தடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அது நமக்குத் தெரியும். வெறுங்கூடையோடு போனால் வழக்கமாக வருகிறவர்கள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்களே, ஒரு வாரந்தானே என்று மனது வாதாடியது. எடுத்துக்கொண்டோம். நம் வீட்டு அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூடையில் அடுக்குவதற்கு வழக்கம்போல் வரவும் இல்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் விற்றுவிட்டது. அப்பொழுதுதான் அந்த அம்மாள் வந்தார். ஓய்வு பெற்ற உபாத்தியாயினி. கணவர் நெடுநாளாக நோயாளி. அவருக்காகவே வாரந் தவறாமல் வருகிறவர். பையை நீட்டினார்.

"அரைக் கிலோ போடுங்கள்."

"காயைப் பார்க்கவில்லையே, அம்மா?"

"உங்கள் காயைப் பார்ப்பானேன்?" என்றார்.

தராசில் எண் ஓடி 520-இல் நின்றது. மேற்கொண்டிருந்த இருபது கிராமை எடுக்காமல் விட்டோம். அன்றைக்கு நாம் செய்த தர்மம் அதுதான்.

பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பாதி கொடுத்தது போக 400 ரூபாய் மிச்சம். கணக்கு எழுதுவது நம் வீட்டு அம்மாளின் இலாகா. நோட்டைத் திறந்துவைத்து, "இதை எந்தப் பக்கத்தில் எழுத?" என்று கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. பணம் அலமாரியில் தனியாகக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு, முகம் ஞாபகமிருந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பலருடைய முகம் ஞாபகமில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே, "போகட்டும், ஐயா" என்றார். இன்னொருவர் ஒன்றும் பேசாமல் போனார், மறுபடியும் வரவில்லை.

உபாத்தியாயினி அம்மாள் முழுவதும் கேட்டார். சிறிது நேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய் நன்றாகத்தான் இருந்தது. அவர் கூட, இந்த வாரம் ருசியாயிருக்கிறது என்றார்" என்று சொன்னார்.

நாற்பது ரூபாயை நீட்டினோம். வேண்டாமென்று சொல்வார் என எதிர்பார்த்தோமோ என்னவோ! அவர் வாங்கி எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு கட்டு அரைக்கீரை எடுத்தார்.

"கத்தரிக்காய் இருக்கிறது, அம்மா. இது நம் தோட்டத்துக் காய்."

"இருக்கட்டும்" என்றார்.

நாலு வாரம் கீரையும் பீர்க்கங்காயும்தான் வாங்கினார். சென்ற ஞாயிறு கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்றார். கால் கிலோ கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காயாகக் கையிலெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துத் தராசில் வைத்தார்.