புல் எரிந்த புகை

என் அப்பா புவியியல் வாத்தியார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம். அட்லஸைப் பார்க்காமலே ஆப்பிரிக்காவைக் கரும்பலகையில் போட்டுவிடுவார். ஜாம்பசி ஆற்றை நீலச் சாக்பீஸில் இழுத்து, பாதி வழியில் சாக்பீஸைப் படுக்க வைத்து அழுத்தித் தேய்ப்பார். அதுதான் விக்டோரியா நீர்வீழ்ச்சி. அகலம் 1,708 மீட்டர், உயரம் 108 மீட்டர். அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மோசி ஓவா துன்யா, முழங்கும் புகை. நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதியவன்தான்.

அந்த மனிதரை அந்த நீர்வீழ்ச்சிக்கே கூட்டிக்கொண்டு போய் ஏமாற்றினேன்.

அப்போது எனக்கு ஜாம்பியாவின் லுசாகாவில் வேலை. 2019 அக்டோபரில் அப்பா வந்தார். அம்மா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. பெட்டியில் எங்களுக்குக் கடலை மிட்டாய். தனக்கு ஒரு பச்சை மழைக்கோட்டு. அருவிக்கு எதிரே நின்றால் சாரல் தொப்பலாக நனைத்துவிடும் என்று படித்திருக்கிறார். புதுசு வாங்கியிருந்தார். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

ஆறுதான் அங்கே நாட்டு எல்லை. அருவியின் கிழக்கு முனை ஜாம்பியாவில். மேற்கு முனை ஜிம்பாப்வேயில். பாறை விளிம்பு மேற்கே தாழ்ந்து கிடக்கிறது. ஏப்ரலில் வெள்ளம் வரும்போது இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது, விளிம்பு முழுக்கத் தண்ணீர். அக்டோபர், நவம்பரில் ஆறு மெலிந்து மேற்கே ஒதுங்கிவிடும். கிழக்கே மிஞ்சுவது பாறை.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. அலுவலகத்தில் லிவிங்ஸ்டன் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அருவிச் சத்தத்தில் வளர்ந்தவர். "இந்த மாசத்திலா? வயசானவரை அந்தப் பக்கம் கூட்டிப் போ. இங்கே சுவரைத்தான் பார்ப்பார்" என்றார். சிரித்து மழுப்பினேன்.

காரணம் கேட்டால் விசா என்று சொல்லலாம். மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். அப்பாவுக்கு ஒரே ஒரு தடவை நுழையும் விசாதான் எடுத்திருந்தேன். எல்லை தாண்டினால் ஜிம்பாப்வே விசா ஒன்று. திரும்பி வர ஜாம்பியா விசா இன்னொன்று. செலவு, அலைச்சல். ஆனால் அது பெரிய தொகை இல்லை. நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை ஓட்டலில் உட்கார்ந்தால் காலியாகிற பணம்.

உண்மைக் காரணம் அசிங்கமானது. முந்தைய வருடம் ஏப்ரலில் நான் ஜாம்பியா பக்கம் போய் நனைந்து வந்திருந்தேன். அதிலிருந்து அருவி என் சொந்தச் சொத்து. லுசாகா தமிழர்கள் கூடிய ஒரு பொங்கலன்று, இரண்டு பக்கமும் பார்த்த ஒருவரோடு சண்டைக்கே போனேன். "எதிர்ப்பக்கமெல்லாம் வெறும் விளம்பரம் சார். நம்ம பக்கம்தான் அருவி." அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. இப்போது அப்பாவை அங்கே கூட்டிப் போனால், அந்த மனிதர் காதுக்குச் செய்தி போகும். என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். அந்த ஒரு சிரிப்பை வாங்கிக்கொள்ள மனசில்லை.

லுசாகாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 470 கிலோமீட்டர். மசாபூகா தாண்டும்போது கரும்புத் தோட்டங்களைப் பார்த்து அப்பா ஜன்னலை இறக்கினார். பின் சீட்டிலிருந்து மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள். "இன்னும் நேரமிருக்கு. அந்தப் பக்கம் போயிரலாமே?" நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி. வெயில் நம்ம ஊர்ச் சித்திரை மாதிரி. அப்பா மழைக்கோட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மரங்களைத் தாண்டித் திறந்த இடத்துக்கு வந்தோம். எதிரே கறுத்த பாறைச் சுவர். நெடுக வறட்டுப் பாறை. ஓரிடத்தில் மட்டும் குழாய் கசிகிற மாதிரி ஈரம். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுதானாப்பா?"

"இந்த மாசம் இம்புட்டுத்தான்பா. எல்லாப் பக்கமும் இப்படித்தான் கிடக்கும்."

கொஞ்சதூரம் நடந்தோம். மேற்கே, வெகு தொலைவில், பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து காற்றில் கலைந்துகொண்டிருந்தது. அப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அந்தா, அங்கன என்னமோ புகையுதே?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எல்லைச் சாவடி நடக்கிற தூரம். நாள் முழுக்க மிச்சமிருந்தது. பையில் பணமிருந்தது. என் வாய் சொன்னது:

"புல்லு எரிக்கிறாங்கப்பா. இந்த மாசம் எங்கன பார்த்தாலும் தீதான்."

புல் எரிக்கிற மாதம் அது என்பது உண்மை. அதனால்தான் பொய் அவ்வளவு லேசாக வந்தது. முழங்கும் புகை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடமே சொன்னேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார். "லிவிங்ஸ்டன் துரை இதைப் பார்த்தது 1855 நவம்பர்ல. அதுவும் தண்ணி குறைஞ்ச மாசந்தானே. பின்ன எப்படி அம்புட்டு அதிசயப்பட்டாரு?"

நல்ல வாத்தியாரின் கேள்வி அது. என் பொய் மொத்தமும் அதில் உடைந்திருக்க வேண்டும்.

"அந்தக் காலத்துல மழை ஜாஸ்திப்பா."

படிக்காமல் வந்த பையன் பரீட்சையில் எழுதுகிற பதில். இந்த மாதிரிப் பதிலை அப்பா சிவப்பு மையில் சுழிப்பார். அன்று "இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டு நாடுகளையும் இணைக்கிற ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. 1905-இல் கட்டியது. அதன்மேல் நடந்துபோக விசா வேண்டாம், சாவடியில் ஒரு துண்டுச்சீட்டு வாங்கினால் போதும். அங்கிருந்தாவது கொஞ்சம் தண்ணீர் தெரிந்திருக்கும். அதற்கும் கூட்டிப் போகவில்லை. அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஆட்கள் பாலத்தில் வருவார்கள். அப்பா ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுப்பார். அவர்களில் ஒருவர் சொல்லிவிட்டால்? கால் வலிக்குமே உங்களுக்கு என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மழைக்கோட்டை என் கட்டில்மேல் வைத்திருந்தார். மடிப்புக் கலையவில்லை. "எனக்கெதுக்கு, நீ போட்டுக்கோ."

டிசம்பரில் என் பொய்க்கு ஒரு சாட்சி கிடைத்தது. அந்த வருடம் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுக்கக் கடும் வறட்சி. காய்ந்த விக்டோரியா அருவியின் படம் உலகமெல்லாம் சுற்றியது. பலவற்றில் இருந்தது நாங்கள் நின்ற கிழக்குப் பாறை. மேற்கே ஆறு குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்பா எனக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "நாம் பார்த்தது சரிதான்" என்று கீழே எழுதியிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.

போன மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெண் வீட்டுப்பாடத்தோடு வந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு. அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "புஸ்தகத்துல இருக்குறத எழுதிக்கோத்தா, மார்க்கு கிடைக்கும். ஆனா தாத்தா நேர்ல போயிப் பார்த்தவன். அங்க வெறும் பாறைதான்."

முப்பத்தோரு வருடத்தில் அவர் ஒரு பிள்ளைக்கும் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததில்லை.

இந்தப் பத்திரிகை அப்பா வீட்டுக்குத் தபாலில் வருகிறது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிப்பார். கையில் சிவப்புப் பேனா இருக்கும், அச்சுப்பிழை கண்டால் சுழித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். இந்தப் பக்கத்துக்கும் வருவார்.

அது புல் எரிந்த புகை இல்லை, அப்பா.